ஏற்றவும் தெரிய வேண்டும், இறக்கவும் தெரிய வேண்டும்



நான் டாக்டர் அல்லன், விஞ்ஞானியும் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சரக்கு வேகன்களோடு காலம் தள்ளி, இதே நாகபுரியில் ஓய்வு பெற்றவன். இரத்தத்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் வீட்டுக்குள் வந்த ஒரு பரிசோதனைத் தாள்தான் இந்த வயதில் என்னை மறுபடியும் மாணவனாக்கியது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வீட்டுக்கு வந்த தாள்

என் மகன் விரும்பி மணந்த பெண் சந்திரபூர் பக்கத்தவள், மராட்டியப் பெண். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவள். என்னை 'பாபா' என்றுதான் அழைப்பாள். அவள் முதல் முறை கருவுற்றபோது, வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளோடு 'சிக்கிள் செல்' சோதனையும் எடுத்தார்கள். முடிவில் 'ஏ.எஸ்.' என்று இரண்டே எழுத்துகள்.

என் மனைவி, "இது என்னங்க, ஒட்டுவாரொட்டியா?" என்று பதறினாள். எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருக்காமல் மருமகளைப் பார்த்து, "கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கே நேற்றுதான் தெரியும், பாபா" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் வரவில்லை.

என் மகனும் உடனே இரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் அம்மா சொல்லி அனுப்பினார். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளில்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

புரதம் என்பது மடித்து வைத்த சங்கிலி

புரதம் என்றால் பருப்பும் முட்டையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் வேலை செய்கிற ஆட்களும் புரதங்களே. உணவைச் செரிப்பதும், தசையை இழுப்பதும், பிராணவாயுவைச் சுமப்பதும் அவைதான்.

புரதம் ஒரு சங்கிலி. அதன் கண்ணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். 20 வகைக் கண்ணிகள் உண்டு. எந்தக் கண்ணிக்குப் பின் எது வர வேண்டும் என்பதை மரபணு சொல்கிறது. சில கண்ணிகள் தண்ணீரை விரும்பும், சில எண்ணெயைப் போலத் தண்ணீரை விட்டு விலகும். சில மின்னேற்றம் கொண்டவை. சங்கிலி தண்ணீரில் மிதக்கும்போது எண்ணெய்க் குணமுள்ளவை பெரும்பாலும் உள்ளே பதுங்க, தண்ணீரை விரும்புகிறவை வெளியே நிற்க, சங்கிலி தானாகவே ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்துகொள்கிறது. அந்த வடிவத்தை வைத்துத்தான் வேலை. சாவியின் பற்கள் பூட்டுக்கு எப்படியோ, அப்படி.

இந்தச் சங்கிலி இஷ்டம்போல் வளையவும் முடியாது. ரயில்வேயில் இருந்தவர்களுக்கு 'ஃபௌலிங் மார்க்' தெரியும். இரண்டு தண்டவாளங்கள் ஒன்று சேரும் இடத்தில், இதைத் தாண்டி வண்டி நின்றால் பக்கத்துத் தண்டவாளத்தில் வருகிற வண்டியோடு உரசும் என்று எல்லை காட்டும் அடையாளம் அது. புரதச் சங்கிலியில் அணுக்கள் ஒன்றோடொன்று உரசாமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று எல்லை வகுத்துக் கொடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என்.ராமச்சந்திரன். 1963-இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அந்த வரைபடம் இன்றும் உலகெங்கும் பாடப் புத்தகங்களில் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்குகிறது. நம் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

நான்கு இடங்கள் கொண்ட வேகன்

இனி நம் கதைக்குரிய புரதத்துக்கு வருகிறேன். அதன் பெயர் ஹீமோகுளோபின். இரத்தச் சிவப்பணுவின் சிவப்புக்கு அதுவே காரணம். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள் நெருக்கியடித்து இருக்கின்றன.

ஒவ்வொரு ஹீமோகுளோபினும் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது. ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஆல்ஃபாவில் 141 கண்ணிகள், பீட்டாவில் 146. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஓர் இரும்பு அணு. அந்த இரும்பில்தான் பிராணவாயு வந்து உட்காரும். ஆக, நான்கு இடங்கள் கொண்ட ஒரு வேகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் ஏற்றி, தசையிலும் மூளையிலும் இறக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒன்று சொல்வோம். ஏற்றுவது மட்டும் பெரிதல்ல. சந்திரபூர் சுரங்க சைடிங்கில் நிலக்கரி ஏற்றிய வேகன் மின்நிலையத்தில் இறக்காமல் நின்றால் டெமரேஜ்தான். ஹீமோகுளோபினுக்கும் அதே சிக்கல். பிராணவாயுவை இறுகப் பிடிக்காவிட்டால் நுரையீரலில் ஏற்ற முடியாது. இறுகப் பிடித்தால் தசையில் இறக்க முடியாது. ஒரே வேகன் ஓரிடத்தில் இறுகவும் இன்னோரிடத்தில் தளரவும் வேண்டும்.

இதற்கு இயற்கை கண்ட வழி, வடிவத்தை மாற்றுவது. ஹீமோகுளோபினுக்கு இரண்டு நிலைகள் உண்டு. காலியாக இருக்கும்போது இறுக்கமான நிலை. அப்போது பிராணவாயு எளிதில் ஒட்டாது. முதல் இடத்தில் பிராணவாயு சிரமப்பட்டு உட்கார்ந்ததும் அங்குள்ள இரும்பு அணு மிகச் சிறிதளவு நகர்கிறது. அது தன்னோடு பிணைந்த சங்கிலியை இழுக்கிறது. இந்த இழுப்பு மற்றச் சங்கிலிகளுக்கும் பரவி, ஒரு பாதி இன்னொரு பாதியை ஒட்டிச் சுமார் 15 பாகை திரும்பிவிடுகிறது. இப்போது தளர்ந்த நிலை. மிச்ச இடங்கள் சுலபமாக நிரம்புகின்றன. இறக்கும்போதும் அப்படியே, ஒன்று இறங்கினால் அடுத்தது இறங்குவது எளிது.

1938-இல் ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் என்பவர் பிராணவாயு இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று பட்டதும் படிகங்கள் உடைந்து உருமாறின. உள்ளே இருந்த மூலக்கூறுகள் வடிவம் மாறியதால் அடுக்கு கலைந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெரூட்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் எக்ஸ்-கதிரோடு போராடி, 1960-இல் ஹீமோகுளோபினின் வடிவத்தை வெளியிட்டார். 1962-இல் ஜான் கெண்ட்ரூவோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

சிக்னல் கொடுப்பது யார்?

எங்கே இறக்க வேண்டும் என்று வேகனுக்கு எப்படித் தெரியும்? உழைக்கிற தசையில் கரியமில வாயுவும் அமிலமும் சேரும். அவை ஹீமோகுளோபினோடு ஒட்டி, அதை இறுக்கமான நிலைக்குத் தள்ளுகின்றன. பிராணவாயு இறங்கிவிடும். அதிகம் உழைக்கிற இடத்தில் அதிகம் இறங்கும். கரியமில வாயுவின் இந்த வேலையை 1904-இல் கண்டு சொன்னவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தந்தை.

இன்னொரு சிக்னல்காரரும் உண்டு. சிவப்பணுவுக்குள்ளேயே உண்டாகும் பி.பி.ஜி. என்ற சிறு பொருள். அது இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆப்பு போலச் செருகிக்கொண்டு, இறுக்கமான நிலையைப் பிடித்து நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் ஹீமோகுளோபின் பிராணவாயுவை லேசில் விடாது. மலைப் பிரதேசம் போய்ச் சில நாள் தங்கினால் உடம்பு இந்தப் பொருளைக் கூட்டிக்கொள்கிறது.

கருவிலிருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யாது. தாயின் இரத்தத்திலிருந்துதான் பிராணவாயுவை வாங்க வேண்டும். இருவரிடமும் ஒரே ஹீமோகுளோபின் இருந்தால் தாயிடமிருந்து குழந்தை எப்படி வாங்கும்? அதற்காகவே குழந்தைக்குப் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறு சங்கிலி. அதன் பள்ளத்தில் பி.பி.ஜி. சரியாக ஒட்டாது. அதனால் கருவின் ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இறுகப் பிடிக்கிறது, தாயிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பிறந்த சில மாதங்களில் காமா மரபணு அடங்கி, பீட்டா மரபணு முழு வேகத்தில் வேலைக்கு வருகிறது. இந்த மாற்றத்தை நினைவில் வையுங்கள். கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

ஒரே கண்ணி மாறினால்

பீட்டா சங்கிலியின் 146 கண்ணிகளில் 6-ஆவது கண்ணி குளூட்டாமிக் அமிலம். மின்னேற்றம் உள்ளது, தண்ணீரை விரும்புவது. சிலருக்கு மரபணுவில் ஒரே எழுத்து மாறியதால் அந்த இடத்தில் வேலின் என்ற கண்ணி வந்துவிடுகிறது. அது எண்ணெய்க் குணமுடையது. இந்த ஹீமோகுளோபினுக்கு 'எஸ்' என்று பெயர், வழக்கமானதற்கு 'ஏ'.

எங்கள் வேகன்களின் இரு முனையிலும் கப்ளர் இருக்கும். முன்னும் பின்னும் மட்டுமே கோக்க வேண்டும். ஒரு வேகனின் பக்கவாட்டில் யாரோ தவறுதலாக ஒரு கொக்கியைப் பற்றவைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்து லைனில் நிற்கும் வேகனில் அந்தக் கொக்கி மாட்டிக்கொண்டால் யார்டே முடங்கிவிடும். வேலின்தான் அந்தக் கொக்கி.

கொக்கி மாட்ட ஓர் ஓட்டை வேண்டுமே. அந்த ஓட்டை பக்கத்து ஹீமோகுளோபினின் மேற்பரப்பில் உள்ள எண்ணெய்க் குணமுள்ள சிறு குழி. பிராணவாயு ஏறிய நிலையில் அது கொக்கிக்கு இணங்காது. பிராணவாயுவை இறக்கி, வடிவம் இறுக்கமான நிலைக்கு மாறும்போதுதான் அந்தக் குழி வாகாக அமைகிறது. ஆகவே நுரையீரலில் ஒன்றும் நடக்காது. தசையிலும் எலும்பிலும் பிராணவாயுவை இறக்கிய பிறகு, ஒன்றோடொன்று மாட்டி நீண்ட நார்களாகின்றன. பஞ்சு போல வளைந்துகொடுக்க வேண்டிய சிவப்பணு விறைத்து, கதிர் அரிவாள் போல வளைகிறது. 1910-இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் முதலில் எழுதிவைத்தது இந்த உருவத்தைத்தான்.

அரிவாளாகிய அணு நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. பொறுக்க முடியாத வலி, மண்ணீரல் பாதிப்பு, தொற்று நோய், சில குழந்தைகளுக்குப் பக்கவாதம்கூட வரலாம். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் அழிவதால் சோகை. தண்ணீர் குறைந்தால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கம் கூடி மாட்டுவது விரைவாகிறது. காய்ச்சல், குளிர், அளவுக்கு மீறிய உழைப்பு இவையும் வலியைத் தூண்டும். இந்த நோயாளிகளைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வது இதனால்தான்.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும், இந்த நோய்க்குக் காரணம் ஒரு மூலக்கூறின் மாற்றமே என்று மின்சாரத்தில் ஓடவிட்டு நிரூபித்தார்கள். மாறியது எந்தக் கண்ணி என்று 1957-க்குள் கண்டுபிடித்தவர் வெர்னான் இங்க்ராம்.

'ஏ.எஸ்.' நோய் அல்ல

இங்கேதான் நான் செய்த தவறு எனக்குப் புரிந்தது. பீட்டா மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. இரண்டும் 'எஸ்' என்றால்தான் முழு நோய். என் மருமகளைப் போல ஒன்று 'ஏ', ஒன்று 'எஸ்' என்றால் இரத்தத்தில் 'ஏ' ஹீமோகுளோபினே பாதிக்கு மேல் இருக்கும். நடுநடுவே 'ஏ' நிற்பதால் நார் எளிதில் நீள்வதில்லை. வழக்கமான வாழ்க்கையில் ஒரு தொல்லையும் இல்லை. மயக்க மருந்து கொடுக்கும்போதும் உயரமான மலைக்குப் போகும்போதும் மருத்துவரிடம் சொன்னால் போதும். இது ஒட்டுவாரொட்டியும் அல்ல.

இன்னும் சொன்னால், ஒரு 'எஸ்' இருப்பது கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கிறது என்று 1954-இல் ஆந்தனி ஆலிசன் காட்டினார். மலேரியா நிறைந்த காட்டுப் பகுதிகளில் இது நிலைத்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

'இது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வருவது, நமக்கில்லை' என்று நம்மவர் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952-இல். எங்கே தெரியுமா? நம் நீலகிரி மலையில், பழங்குடி மக்களிடம். அதைப் படித்த அன்று நான் மருமகளிடம் போய், "அம்மா, நான் பேசியது தப்பு" என்று சொன்னேன். அவள், "விடுங்கள் பாபா, டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்" என்றாள்.

கணக்கு எளிது

இருவரும் 'ஏ.எஸ்.' என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு முழு நோய்க்கு, நான்கில் இரண்டு தாங்கியாக இருக்க, நான்கில் ஒன்று முற்றிலும் 'ஏ'-யாக இருக்க. நான்கு பிள்ளையில் ஒன்றுக்குத்தான் வரும் என்று இதற்கு அர்த்தமல்ல. ஒவ்வொரு கருவிலும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஒருவர் மட்டும் 'ஏ.எஸ்.', மற்றவர் முழு 'ஏ' என்றால் எந்தக் குழந்தைக்கும் முழு நோய் வராது.

மற்றவர் பீட்டா தலசீமியா தாங்கியாக இருந்தாலும் ஆபத்து உண்டு. ஒரு பக்கம் 'எஸ்', மறுபக்கம் குறைபட்ட பீட்டா என்று சேர்ந்தால் அதுவும் நோயே. எனவே கணவனுக்குச் சிக்கிள் செல் மட்டும் பார்த்தால் போதாது. நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே குறை இரு பக்கமும் சேர அதில் வாய்ப்பு அதிகம். ஆகவே இந்தச் சோதனை வேற்று இனத்தில் மணப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

சோதனையில் இரண்டு படிகள். முதலாவது கரைதிறன் சோதனை. பிராணவாயுவை நீக்கும் கரைசலில் இரத்தத்தை விட்டால் 'எஸ்' இருப்பின் கலங்கிவிடும். இது ஒரு 'எஸ்'-ஸா, இரண்டு 'எஸ்'-ஸா என்று பிரித்துச் சொல்லாது. தலசீமியாவையும் காட்டாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் இரண்டாவது சோதனைதான் முடிவானது. 2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் மத்திய அரசின் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 17 மாநிலங்களில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் குறிக்கோள். நம் மகாராஷ்டிரமும் அதில் உண்டு.

அடங்கிய மரபணுவை எழுப்புதல்

கருவின் காமா சங்கிலியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதில் அந்தக் கொக்கி கிடையாது. நோயுள்ள குழந்தையும் முதல் சில மாதங்கள் நலமாக இருப்பதற்கு அதுவே காரணம். காமா அடங்கிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. அப்படியானால் காமாவை மறுபடி எழுப்பினால்? ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து அதைத்தான் ஓரளவு செய்கிறது. விலை அதிகமில்லாத மருந்து. மருத்துவர் கண்காணிப்பில், அவ்வப்போது இரத்தம் பார்த்து உட்கொண்டால் வலி வருவது பலருக்குக் குறைகிறது.

இன்னொரு வழியும் வந்துவிட்டது. காமாவுக்குக் கைபிரேக் போல வேலை செய்யும் ஒரு புரதம் உண்டு. நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, அந்த பிரேக்கைத் தளர்த்துமாறு மரபணுவைத் திருத்தி, மறுபடி உடம்பில் செலுத்துகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இந்தச் சிகிச்சையை அனுமதித்தன. அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். நம்மைப் போன்றவர்களுக்கு இன்று எட்டாதது. முன்கூட்டிச் சோதிப்பது எட்டக்கூடியது.

கடைசியாக

நான்காம் நாள் மகனின் முடிவு வந்தது. முழு 'ஏ'. தலசீமியாவும் இல்லை. என் மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மருமகள் அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

பேரன் பிறந்தான். பச்சிளங்குழந்தைக்குக் கருவின் ஹீமோகுளோபின் நிறைய இருப்பதால் கரைதிறன் சோதனை ஒத்துவராது. எனவே பிரித்து அளக்கும் சோதனையையே செய்தோம். அவன் அம்மாவைப் போல 'ஏ.எஸ்.' நன்றாக ஓடி விளையாடுகிறான். அந்தத் தாளை மருமகள் மறைத்து வைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் வைத்திருக்கிறாள். பெரியவனாகும்போது அவனிடம் சொல்ல வேண்டும் என்று என்னிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கள் பாபா, நான்கு பேருக்குத் தெரியட்டும்" என்றதும் அவள்தான்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு இந்த ஒரு சோதனையையும் இரு பக்கமும் செய்துகொள்ளுங்கள். மணமாகிவிட்டிருந்தால் பிள்ளைப்பேற்றுக்கு முன் செய்யுங்கள். முடிவு 'ஏ.எஸ்.' என்று வந்தால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.